பாங்காக்கில் ஏற்றிய மெழுகுவர்த்தி

மெழுகுவர்த்தி பற்றவில்லையாம். காசிமேடு கல்லறையிலிருந்து பக்கத்து வீட்டு ரெஜினா போனில் புலம்பினாள்.

"காத்துகூட இல்ல லியோ அண்ணா. மத்த கல்லறைலலாம் ஜோரா எரியுது. உங்க சாண்ட்ராவுது மட்டும் அணைஞ்சி அணைஞ்சி பூடுது."

"கல்லு ஈரமா இருக்கும். தொடச்சிட்டு ஏத்து."

"ஒரு சொட்டுத் தண்ணி இல்லண்ணா."

லியோனார்ட் மனைவி ஞானத்திடம் இதைச் சொல்லவில்லை. எண்ணூர்க் கடற்கரைக் கற்களில் விளையாடிய மகள் சாண்ட்ராவை அலை இழுத்துப்போன நாளிலிருந்து, அவளுக்கு வீட்டை விட்டால் கல்லறைதான். இந்தக் கல்லறைத் திருநாளுக்காவது அவள் ராயபுரத்தில் இருக்க வேண்டாம் என்றுதான் பிடிவாதமாக பாங்காக் கூட்டி வந்திருந்தான்.

வீண்போகவில்லை. சுட்ட மீனும் எலுமிச்சைப் புல்லும் மணக்கும் ஆற்றோரச் சந்தையில், கடைக்கடையாக அலறும் பாட்டுக்கும் சிவப்பும் நீலமுமாகத் தண்ணீரில் நெளியும் வெளிச்சத்துக்கும் நடுவே அவன் தோளை இடித்துக்கொண்டு நடந்தவள், தட்டில் குவிந்த வறுத்த வெட்டுக்கிளியைப் பார்த்து, "அய்யே, கலீஜ்!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம்! அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஐஸ்கிரீம் வாங்கித் திரும்பினான். ஞானத்தைக் காணோம்.

ஆற்றுப் படிக்கட்டில், விளக்கு எட்டாத இருட்டில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஒரு மெழுகுவர்த்தி. ஊரிலிருந்தே கைப்பையில் ஒளித்து எடுத்து வந்திருக்கிறாள். காற்று அவள் முந்தானையைப் படபடவென்று அடித்தது. சுடர் மட்டும் அசையவில்லை.

"இன்னாமே இது? கல்லறைல ஏத்துறத இங்க ஏத்திகினு கீற?"

"வருசா வருசம் நாம ஏத்துற வெளிச்சத்துலதான் புள்ள தூங்குது. நம்மளக் காணோம்னா பயந்துக்காதா? அதான், அம்மா இங்க கீறேன், வந்துருன்னு கூப்ட்டேன்."

போன் அதிர்ந்தது. ரெஜினா.

"அண்ணா, இப்ப கல்லெல்லாம் ஈரம். குட்டிக் குட்டிக் கால்தடமா கீது. கடல் பக்கமா போவுது..."

மீன் வாசனை அடங்கிவிட்டது. வேறொரு வாடை. உப்பும் எண்ணெயும் கலந்த வாடை. எண்ணூர் வாடை.

கீழ்ப்படியில் ஈரம். அடுத்த படியில் ஈரம்.

"எய்ந்துருமே. போலாம்."

அவள் எழவில்லை. திரும்பிச் சிரித்தாள். சந்தையில் சிரித்த அதே சிரிப்பு.

"ஐஸ்கிரீம அவகிட்ட குடுயா. எவ்ளோ தூரம் வந்துகீது புள்ள."

அவளது இடதுகை எதையோ பற்றியபடி மூடியிருந்தது. விரலிடுக்கில் கறுப்பாகத் தண்ணீர் சொட்டியது. அந்தக் கை ஆற்றுப் பக்கமாக மெல்ல மெல்ல இழுபட்டுக்கொண்டிருந்தது.