பனியன் போட்ட நாற்றங்கால்

சித்ரகலாவுக்குத் தன் நாற்றங்காலைப் பற்றி ஏகப்பட்ட பெருமை. அது ஒரு பாய் அகலம்தான் இருக்கும். அம்மா மருதாள் விதைத்த பெரிய நாற்றங்காலின் நடுவே, கொஞ்சம் இடம் கேட்டு வாங்கி அவளே விதைத்தது. குருவி கொத்தாமல் இருக்க, அப்பா திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த வெள்ளைத் துண்டுத் துணிகளைத் தைத்து, குச்சி நட்டுக் கூடாரம் போல மூடியிருந்தாள்.

"நாத்துக்கே பனியனா?" என்று தெருவே சிரித்தது.

அன்று காலை, பக்கத்து வயல் பொன்னாத்தாள் வந்தார். மழைவெள்ளம் அவருடைய நாற்றை அடித்துக்கொண்டு போயிருந்தது.

"மருதா, பாதி வயலுக்காச்சும் நாத்துக் குடு சாமி. இந்தப் போகத்தை விட்டா எனக்கு வேற வழியில்ல."

அவர்கள் ஊரான கொமரலிங்கத்தில் நாற்றுக் கேட்டு வந்தவரை யாரும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை.

"தாராளமா எடுத்துக்கங்க அக்கா. அங்கங்க கொஞ்சம் மஞ்சளடிச்சிருக்குது. யூரியா பத்தல போல. பச்சையா இருக்கறதப் பிடுங்கிக்கலாம்" என்றார் அம்மா.

"வேண்டாங்க அத்தை!" என்று பொன்னாத்தாளைத் தடுத்தாள் சித்ரகலா.

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "கேட்டு வந்தவங்களுக்கு இல்லைங்கறதா? சும்மா இரு அம்முணி!"

சித்ரகலாவுக்கு அழுகை முட்டியது. தன்னைக் கஞ்சப் பிசினாறி என்று நினைத்துவிட்டார்களே! ஆனாலும் விடவில்லை. மஞ்சள் நாற்று ஒன்றைக் குச்சியால் தட்டினாள். அரிசியளவுப் பச்சைப் பூச்சிகள் துள்ளி, பக்கத்துப் பச்சை நாற்றில் உட்கார்ந்தன.

"கொசு கடிச்சுத்தானேம்மா அப்பாவுக்குச் சிக்குன்குனியா வந்துச்சு? இந்தப் பூச்சிகளும் மஞ்ச நாத்தைக் கடிச்சுட்டு வந்து நல்ல நாத்தைக் கடிக்குது."

"பச்சையா இருக்கறது நல்லாத்தானே கண்ணு இருக்குது?" என்றார் அம்மா.

"கொசு கடிச்ச அன்னைக்கு அப்பாவும் நல்லாத்தானே இருந்தாரு! நாலு நாள் கழிச்சுத்தானே சுருண்டு படுத்தாரு?"

சித்ரகலா தன் துணிக் கூடாரத்தைத் தூக்கிக் காட்டினாள். அதே விதை, அதே யூரியா. உள்ளே ஓர் இலைகூட மஞ்சளாகவில்லை.

அம்மா குனிந்து கூடாரத்துக்குள் பார்த்தார். தன் நாற்று மொத்தமும் போயிற்று என்று புரிந்ததும் அவர் கண் கலங்கியது. பொன்னாத்தாள் அவர் தோளை அணைத்துக்கொண்டார்.

"அழுகாத சாமி. என்ற வயலயாச்சும் உன்ற மக காப்பாத்திப்போட்டா. ரெண்டு பேரும் சேர்ந்தே புதுசா விதைப்போம்."

நோய் பிடித்த நாற்றை அன்றே சேற்றோடு சேர்த்து உழுது மடக்கினார்கள். சித்ரகலா அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"அப்பா, ஒரு மூட்டை வெள்ளைத் துணி வேணும்."

"அத்தனையா! எத்தனை பேருக்குப் பனியன் தைக்கப்போற?"

"ஒரு ஆளுக்குத்தாங்கப்பா. ஆனா ரொம்பப் பெரிய ஆளு!"

புதிதாக விதைத்துத் துணியால் மூடி, இருபத்தைந்து நாள் கழித்து விலக்கினார்கள். நாற்று பச்சைப்பசேல் என்று நின்றது. பொன்னாத்தாள் முதல் கட்டைப் பிடுங்கிக் கட்டி, சித்ரகலாவிடம் நீட்டினார்.

"நாத்துக் குடுக்காதீங்கன்னு சொன்ன புள்ளைக்குத்தான் மொதக் கட்டு!"

கட்டு ஈரமும் சேறுமாகக் கனத்தது. பாவாடையெல்லாம் நனைந்தது. அம்மா கை நீட்டியும் கொடுக்காமல், வயல் வரை அவளே அதைச் சுமந்துகொண்டு நடந்தாள்.