விட்டுப்போன வீடு

மாவுக்குட்டியின் மூக்கில் எப்போதும் கொஞ்சம் மாவு ஒட்டியிருக்கும். அதனால்தான் தெருவே அவளை அப்படிக் கூப்பிட்டது. அவள் அப்பா ரொட்டி சுடுகிறவர்.

அப்பா ரொட்டிகளை எண்ணுவதே இல்லை. முதல் வீட்டை நினைத்து மாவைக் கிள்ளுவார். அந்த வீட்டாருக்காக ஒரு சின்ன ஜெபம். ஜெபம் முடிவதற்குள் உருண்டை தயாராகிவிடும். அடுத்து இரண்டாவது வீடு. இப்படியே கடைசி வீட்டு நர்ஸ் அக்கா வரைக்கும் போவார். மொத்தம் எத்தனை என்று யாராவது கேட்டால் திருதிருவென்று விழிப்பார். ஆனால் ஒருநாளும் ஒரு ரொட்டி கூடியதில்லை, குறைந்ததுமில்லை.

அந்தச் சனிக்கிழமை அப்பாவின் கையில் கட்டு. முந்தின நாள் அடுப்புத் தட்டு சுட்டுவிட்டது. இன்றைக்கு நீதான் உருட்ட வேண்டும் என்று அவர் சொன்னதும் மாவுக்குட்டிக்குத் தலைகால் புரியவில்லை.

ஜன்னலுக்கு வெளியே ஒரே பனிமூட்டம். உள்ளே இதமான சூடு. முதல் வீட்டுக்காரரின் இருமல் சரியாக வேண்டும் என்று ஓர் உருண்டை. இரட்டைப் பாப்பாக்கள் இரண்டும் ஒரே நேரத்தில் அழக்கூடாது என்று இன்னொன்று. அரைத்தூக்கத்தில் அவளுக்கு வீடுகள் ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்துகொண்டு தன்னிடம் வருவது போலவே இருந்தது.

ஏழாவதாகத் தையல்காரர் வீடு வந்தது. கை நின்றுவிட்டது.

தையல்காரர் மகள் அவளுடைய வகுப்புதான். உன்மேல் புளித்த மாவு வாசனை வருகிறது என்று நேற்று எல்லார் முன்னாலும் சொல்லி, மூக்கைப் பிடித்துக்கொண்டாள். வகுப்பே சிரித்தது. மாவுக்குட்டி வீட்டுக்கு வந்து மூன்று தடவை குளித்தாள்.

அவளுக்காக ஜெபமா? மாட்டவே மாட்டாள். எட்டாவது வீட்டுக்குத் தாவினாள். மனசு கொஞ்சம் உறுத்தியது. அதை மாவோடு சேர்த்து அமுக்கிவிட்டாள்.

ரொட்டிகள் வெந்ததும் கூடையோடு கிளம்பினாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு துணிப்பை தொங்கும். அதில் ரொட்டியைப் போட வேண்டியதுதான். பனியில் எல்லா வாசல்களும் ஒன்றுபோலத் தெரிந்தன. தெரு அவள் கால்களுக்கு மனப்பாடம். ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, கனவில் நடப்பவள் மாதிரி போட்டுக்கொண்டே போனாள்.

கடைசி வீட்டுக்கு வந்து கூடைக்குள் கைவிட்டாள். கூடை காலி.

அவளுக்குத் திக்கென்றது. பழக்க தோஷத்தில் தையல்காரர் வீட்டுப் பையிலும் ஒன்றைப் போட்டிருக்கிறாள். நர்ஸ் அக்கா ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு வந்து, அந்த ஒரு ரொட்டியைத் தின்றுவிட்டுத்தான் படுப்பாள். இன்று பசியோடு படுக்க வேண்டியதுதானா?

மாவுக்குட்டி திரும்பி ஓடினாள். அவர்களுக்கென்று உருட்டாத ரொட்டிதானே, எடுத்தால் என்ன தப்பு? பைக்குள் கையை விட்டாள். ரொட்டி இன்னும் சூடாக இருந்தது.

கதவு திறந்தது. தையல்காரர் மகள் நின்றாள். அழுது அழுது அவள் கண் சிவந்திருந்தது.

"உங்கப்பாவுக்குக் கை சுட்டுடுச்சாமே, இன்னைக்கு நீதான் உருட்டினியா?" என்று கேட்டாள். "எங்கப்பாவுக்கு இன்னைக்குக் கண்ணு ஆபரேஷன். எங்க வீட்டுக்கு ஜெபம் பண்ணும்போது அதையும் சொன்னியா?"

சொன்னேன் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் மாவுக்குட்டி ரொட்டியோடு கையை வெளியே எடுத்தாள். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"உங்க வீட்டை விட்டுட்டேன். நேத்து நீ சொன்னதுக்காக வேணும்னேதான் விட்டேன்."

தையல்காரர் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றாள். பிறகு நிமிர்ந்து, "இப்ப சொல்றியா?" என்றாள்.

இருவரும் ரொட்டியை நடுவில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்கள். பனி அவர்களைச் சுற்றி அசையாமல் நின்றது.

"இயேசப்பா, இவங்க வீட்டை நான்தான் விட்டுட்டேன். நீங்க விட்டுடாதீங்க."

"ஆமென்," என்றாள் தையல்காரர் மகள்.

நர்ஸ் அக்காவுக்கு ரொட்டி இல்லாததையும் மாவுக்குட்டி சொன்னாள். தையல்காரர் மகள் யோசிக்கவே இல்லை. அப்பாவை டாக்டர் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறாராம். அவர் பட்டினி கிடக்கும்போது தனக்கும் அம்மாவுக்கும் சாப்பாடு இறங்காது என்று சொல்லி, ரொட்டியைத் திரும்பப் பைக்குள் போட்டு, பையைக் கழற்றினாள்.

ஆளுக்கொரு காதாகப் பையைப் பிடித்துக்கொண்டு இருவரும் கடைசி வீட்டுக்கு நடந்தார்கள். நர்ஸ் அக்கா அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கண் ஆபரேஷன் என்றதும், பயப்படாதே, மத்தியானத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று தையல்காரர் மகளின் தலையைத் தடவினாள்.

பிறகு பையைத் திறந்து பார்த்தாள். உள்ளே பார்த்தாள், இவர்களைப் பார்த்தாள்.

"ஏன்டி, இந்த ஒத்த ரொட்டியைத் தூக்கிட்டு வர ரெண்டு பேரா?"