வால்வில் தொங்கிய பூட்டு

17 ஜூலை 2003, வியாழன். இன்றைய தவறு: யாருடையது என்று கேட்காமல் ஒரு பூட்டை வெட்டினேன்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே உமேஷ் இதை எழுதிவிட்டான். மாலைக் கல்லூரியில் தொழிற்பாதுகாப்புப் பாடம் எடுக்கும் ஜெயலக்ஷ்மி மேடத்தின் கட்டளை அது. நாட்குறிப்பு அன்றைய தவறில் தொடங்க வேண்டும். மறுநாள் வேலையில் முடிய வேண்டும். மற்ற மாணவர்கள் தவறு கிடைக்காமல் திண்டாடினார்கள். உமேஷுக்கு அந்தக் கஷ்டம் வந்ததே இல்லை. ஒக்கலிபுரத்து வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை நடந்து, பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவன் அவன்.

அவன் வேலை பார்த்த மின்நிலையம் சந்தாபுராவைத் தாண்டி, தைலமரத் தோப்புக்குப் பின்னால் பாதி கட்டி நின்றது. இயற்கை எரிவாயுவில் ஓட வேண்டிய நிலையம். கடற்கரையிலிருந்து குழாய் இதோ வருகிறது என்று சொல்லிச் சொல்லியே இரண்டு முதலாளிகள் விற்றுவிட்டுப் போயிருந்தார்கள். இப்போது மூன்றாவது கம்பெனி. மழை பெய்தால் வாசல் வளைவில் புதுப் பெயருக்கு அடியிலிருந்து பழைய பெயர்கள் எட்டிப் பார்க்கும். "போர்டுக்குப் பெயின்ட் அடிச்சே என் பாதி சர்வீஸ் போச்சு" என்பார் ஃபோர்மேன் பச்சைமுத்து.

முதலாளிகள் மாறினாலும் அங்கே ஒரு வழக்கம் மாறவில்லை. எரிவாயுவைச் சுத்தம் செய்யும் பெரிய இரும்புத் தொட்டிக்குள் இறங்குகிறவன், அதற்குப் போகும் வால்வை மூடி, தன் சொந்தப் பூட்டை அதில் மாட்டுவான். சாவி அவன் கழுத்தில் தொங்கும். வெளியே வந்து அவனே திறந்து எடுக்க வேண்டும். பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம்.

அந்த வால்வில்தான் பச்சை பிடித்த பித்தளைப் பூட்டு ஒன்று, சிவப்பு நூல் சுற்றி, எத்தனையோ காலமாகத் தொங்கியது. கடன் கொடுக்கும் வங்கிக்காரர்கள் மறுநாள் பார்வையிட வருகிறார்கள். அதற்குள் தொட்டியில் நைட்ரஜனை நிரப்பி, அழுத்தம் நிற்கிறதா என்று சோதித்தாக வேண்டும். பழைய குப்பை, வெட்டி எறி என்றார் மேனேஜர் சீனிவாசராகவன். உமேஷ் வெட்டி எறிந்தான்.

சாப்பிடும்போது அதைச் சொன்னான். பச்சைமுத்துவின் கை தட்டிலேயே நின்றது.

முதல் முதலாளியின் காலத்திலும் இதே அவசரம் இருந்ததாம். மாலையில் ஒரு பூட்டு மட்டும் மிச்சம். டீ குடிக்கப் போயிருப்பான் என்று அதை வெட்டி நைட்ரஜனைத் திறந்துவிட்டார்கள். சந்தாபுராவைச் சேர்ந்த வெல்டர் முனியப்பன் உள்ளே இருந்தான். நைட்ரஜனுக்கு வாசனை இல்லை. இருமல் வராது. அசதியாக உட்காருகிற மாதிரி உட்கார்ந்து, அப்படியே போய்விடுவார்கள். உடலை எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டவர்களுக்கு வேலை போயிற்று. வேலையை விட்டு ஓடிவிட்டான் என்று கம்பெனி சொன்னது. நிலையத்தை விற்ற பத்திரத்தில் டர்பைன் இருந்தது, தோப்பில் நின்ற மரம்கூட இருந்தது. முனியப்பன் இல்லை.

"மறுநாள் பார்த்தா அந்தப் பூட்டு அங்கயே தொங்குது. ரெண்டாவது ஓனரோட ஆளும் வெட்டினான். திரும்ப வந்துச்சு" என்றார் பச்சைமுத்து. "ஓனருங்கதான்டா மாறுறாங்க. அவன் மாறல."

மதியத்துக்கு மேல் தூறல் பிடித்தது. வானம் இறங்கி, தொட்டிக் கொட்டகையின் தகரத்தில் மழை ஓயாமல் கிசுகிசுத்தது. நைட்ரஜன் லாரி வந்து நின்றது. உமேஷ் வால்வருகே போனான்.

பூட்டு தொங்கியது.

சரியாக வெட்டவில்லையோ என்றுதான் முதலில் நினைத்தான். குப்பை டிரம்மில் எட்டிப் பார்த்தான். வெட்டிய துண்டுகள் அங்கேயே கிடந்தன. திரும்பி வந்து பூட்டைத் தொட்டான். சுற்றிலும் இரும்பெல்லாம் மழையில் சில்லிட்டிருக்க, அது மட்டும் அப்போதுதான் யாரோ மடியிலிருந்து எடுத்து மாட்டியதுபோல் வெதுவெதுப்பாக இருந்தது.

ஆட்களை எண்ணினான். எல்லோரும் வெளியே இருந்தார்கள். மறுபடி எண்ணினான்.

டங்.

சத்தம் தொட்டிக்குள்ளிருந்து வந்தது.

"மழைக்கு இரும்பு சுருங்கறது, அவ்வளவுதான்" என்றார் சீனிவாசராகவன், குடைக்குள்ளிருந்து. "வால்வைத் திறப்பா."

"பூட்டு இருக்கு சார்."

"யாரு போட்டா?"

"உள்ள இருக்கிறவரு சார்."

கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் ஒரு பேப்பரை நீட்டினார். உள்ளே ஆள் இல்லை என்று உமேஷ் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அவன் வேலையை நிரந்தரமாக்கும் ஆர்டர் தன் மேஜைமேல் இருக்கிறது என்றும், இவன் போட்டால் தானும் அதில் போடுவதாகவும் தணிந்த குரலில் சொன்னார். ஆறு மாதமாக அம்மா சந்திரம்மா அந்த ஆர்டருக்காக வேண்டாத கோயில் இல்லை.

டங். டங்.

இந்த முறை மெதுவாக. அசதியாக.

உமேஷ் பேனாவை வாங்கவில்லை. ஸ்பானரை எடுத்தான். பச்சைமுத்துவும் வந்து தொட்டி மூடியின் எதிர்ப் பக்கத்துப் போல்ட்டைக் கழற்றினார். முதுகுக்குப் பின்னால் மேனேஜர் ஏதேதோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

மூடி விலகியது. இருட்டு. கருகிய வெல்டிங் ராடின் நெடி. அதற்கடியில் பீடி வாசனை. டார்ச்சை அடித்தான். உள்சுவரின் துருவில் உள்ளங்கைத் தடங்கள். தரையருகே தொடங்கி, தடவித் தடவி, தொட்டியின் வாய் வரை ஏறியிருந்தன.

ஆள் இல்லை.

வாயருகே காவல் நிற்பவன் உள்ளே கையை நீட்டிக் காட்ட வேண்டும்; ஏறி வருகிறவன் பிடித்துக்கொள்வதற்காக. ஜெயலக்ஷ்மி மேடம் சொல்லிக்கொடுத்தது. உமேஷின் கை பழக்கத்தில் தானாக உள்ளே போயிற்று.

இன்னொரு கை அதைப் பற்றியது.

காய்ப்பு காய்த்த, சொரசொரப்பான கை. உமேஷ் கால்களைத் தொட்டியில் ஊன்றி இழுத்தான். தோள் கழன்றுவிடும்போல் ஒரு பாரம் வந்தது. பிறகு சட்டென்று இலேசாகிவிட்டது. அவன் ஈரத் தரையில் மல்லாந்து விழுந்தான். அவனைத் தாண்டி யாரோ நடந்ததுபோல் காற்று விலகிப் போயிற்று.

பச்சைமுத்து ஹெல்மெட்டைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார். அவர் பார்வை வால்வின்மேல் இருந்தது.

அங்கே பூட்டு இல்லை.

"இப்போ திருப்தியா?" என்றார் சீனிவாசராகவன். ஆனால் ஒரு தப்படிகூட அருகில் வரவில்லை. உமேஷ் மறுபடி ஆட்களை எண்ணி, மூடியை இறுக்கி, உள்ளே ஆள் இல்லை என்று கையெழுத்துப் போட்டான். வாழ்க்கையில் முதல்முறையாக, எழுதியதைத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. நைட்ரஜனை நிரப்பினார்கள்; அழுத்தம் இறங்காமல் நின்றது. மேனேஜர் அவன் முகத்தைப் பார்க்காமலே ஆர்டரைக் கொடுத்தார்.

வகுப்புக்குப் போகாமல் நேராக வீட்டுக்கு வந்தான். ஆர்டரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட சந்திரம்மா, மூக்கைச் சுருக்கினாள்.

"வேலை பர்மனென்ட் ஆன அன்னிக்கே பீடியா? உங்கப்பன்கூட ஒரு மாசம் பொறுத்தாரு."

"நான் பிடிக்கலமா."

"அப்ப வாசனை நடந்து வந்துச்சா?"

அவள் டீ போட உள்ளே போனாள். உமேஷ் கதவைத் தாழிட்டு, இழுத்துப் பார்த்தான். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"உமேஷு. சிலிண்டர்ல யாருடா பூட்டு மாட்டினது?"

அவன் போய்ப் பார்த்தான். கேஸ் சிலிண்டரின் கழுத்து வளையத்தில், ரெகுலேட்டரைத் திருக முடியாதபடி, சிவப்பு நூல் சுற்றிய பித்தளைப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. தொடாமலே தெரிந்தது, அது வெதுவெதுப்பாகத்தான் இருக்கும் என்று.

அடுப்புப் பற்றவைக்க வேண்டாம், ஹோட்டலில் வாங்கி வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னான். பிறகு உட்கார்ந்து நாட்குறிப்பை முடித்தான்.

நாளை செய்ய வேண்டியது: பூட்டை வெட்டக் கூடாது. பச்சைமுத்து அண்ணாவிடம் விலாசம் கேட்டு, முனியப்பனைச் சந்தாபுராவில் அவர் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும்.