டபுள்ஸ்

மதுராந்தகம் ஏரிக்கரையில் கூடாரத்தைச் சுருட்டிக் கேரியரில் கட்டிவிட்டு, "வா, வீட்டுக்குப் போலாம்" என்று சீட்டைத் தட்டி ஜலால் ஸ்டாண்டை எடுத்தபோது, சைக்கிளின் பின் டயர் மெல்லப் பிதுங்கியது. யாரோ ஏறி உட்கார்ந்தால் பிதுங்குமே, அப்படி. திரும்பிப் பார்த்தான். கரையில் ஒரு கொக்குகூட இல்லை.

தனியாகச் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு வரும் வியாதி அவனுக்கும் உண்டு. நாவலூர் ஆபீஸில் வாயைத் திறக்காதவன், மேட்டில் சைக்கிளைக் கெஞ்சுவான், இறக்கத்தில் கொஞ்சுவான். அன்று புதுச்சேரி போய்த் திரும்பும் பயணத்தின் கடைசி நாள். அனகாபுத்தூர் வீட்டில் மனைவி நஃபீசாவும் மகள் சோயாவும் காத்திருந்தார்கள். தெருவில் நுழைந்து மணியடித்தால் சோயா பால்கனிக்கு ஓடி வருவாள். அவளைப் பின்னால் உட்காரவைத்து ஒரு சுற்று போனால்தான் எந்தப் பயணமும் முடிந்ததாகக் கணக்கு.

செங்கல்பட்டு வருவதற்குள் தொடை கடுத்தது. சமதரையும் மேடாக இருந்தது. முதலில் பிரேக்கைச் சந்தேகப்பட்டான். சக்கரம் உரசாமல்தான் சுற்றியது. பிறகு, முந்தின நாள் கரையில் பேச்சுக் கொடுத்த ஆட்டுக்காரரைச் சந்தேகப்பட்டான். விளையாட்டாகப் பையில் கல்லைப் போட்டிருப்பாரோ? லாரிகள் புழுதி கிளப்பும் சாலையோரத்தில் எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தான். அழுக்குத் துணி, அடுப்பு, சோயாவுக்கு வாங்கிய பொம்மை. பொம்மை மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

வண்டலூரில் பின் டயர் தரையோடு தரையாகிவிட்டது. பஞ்சர் கடை சவுரிமுத்து ட்யூபைத் தண்ணீரில் முக்கி முக்கிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

"ஓட்டையே இல்ல சார். டபுள்ஸ் அட்ச்சிகினு வந்தியா இன்னா?"

"தனியாத்தாண்ணா வந்தேன்."

"மெலிசு டயரு சார் இது. ரெண்டு பேரு குந்தினா தாங்காது."

காற்றடித்து முடித்தவர், கேரியரைத் தொட்ட கையை முகர்ந்து பார்த்தார். லுங்கியில் அழுத்தித் துடைத்துக்கொண்டார். காசு நீட்டியபோது வாங்கவில்லை. "கெளம்பு சார்" என்றார், அவன் முகத்தைப் பார்க்காமல். காசு வேண்டாம் என்கிற கடைக்காரரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் ஜலால் மிதித்தான்.

பெருங்களத்தூர், தாம்பரம் என்று பஸ் புகையும், பரோட்டாக் கல்லின் எண்ணெய் வாசமும், ரயில் ஹாரனும், பகலெல்லாம் வெந்த தாரின் சூடும் மாறி மாறி வந்து மோதிப் போயின. அத்தனைக்கும் நடுவில் ஏரிச் சேற்றின் வாடை மட்டும் அவன் பிடரிக்குப் பின்னாலேயே இருந்தது. எவ்வளவு வேகமாக மிதித்தாலும் காற்று அதைக் கொண்டுபோகவில்லை. குரோம்பேட்டை சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டரில் இருந்த பெண் அவனைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் பார்த்தாள். பச்சை விழுமுன்பே வண்டியை நகர்த்திக்கொண்டு போய்விட்டாள்.

பம்மல் தாண்டும்போது பொழுது சாய்ந்து, பள்ளிவாசலிலிருந்து மஃரிப் பாங்கு கேட்டது. அப்போது சட்டையின் பின்நுனியை ஏதோ பிடித்தது. விழாமலிருக்கச் சோயா பிடிப்பதுபோலவே. ஈரமாக. பிடித்தது விடவில்லை.

தெருமுனையில் காலை ஊன்றினான். அங்கிருந்தே பால்கனி தெரிந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கூப்பிட்டது அவன்தான். வா என்றான், வந்துவிட்டது. வீட்டுக்கு என்று வேறு சொன்னான். இனி வீட்டிலிருந்து யாரும் கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் உள்ளேயும் வந்துவிடும். வந்த வழியே போய் அந்தக் கரையிலேயே இறக்கிவிட வேண்டும்.

நஃபீசாவுக்கு ஃபோன் செய்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. தொழுகையில் இருப்பாள். எடுக்க மாட்டாள்.

ஹேண்டில்பாரைத் திருப்பினான்.

சைக்கிள் மணி அடித்தது.

அவன் இரண்டு கைகளும் பிரேக்கில் இருந்தன.

மறுபடி அடித்தது. சோயாவுக்காக அவன் அடிக்கும் அதே தாளம்.

பால்கனிக் கதவு திறந்தது. தொழுகைத் துப்பட்டாவோடு நஃபீசா எட்டிப் பார்த்தாள். "வந்துட்டீங்களா? இவ காலையிலேர்ந்து அத்தா எங்கன்னு ஒரே நச்சு. மேல வாங்க, டீ வைக்கிறேன்."

கூப்பிடாதே என்று கத்த வாயெடுத்தான். அதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

சட்டை விடுபட்டது. நசுங்கிக் கிடந்த டயர் நிமிர்ந்தது. சிமெண்டுத் தெருவில் ஈரக்கால் தடம். ஒன்று. அதற்கு முன்னால் இன்னொன்று. அவசரமே இல்லாமல் அவன் வீட்டுப் படிக்கட்டை நோக்கி.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான். கேட்டைத் தொட்டபோது மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது.

சோயா பால்கனியில் இருந்தாள். கம்பிகளுக்கு மேலே, யாரோ இடுப்பில் தூக்கி வைத்ததுபோல் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அடுக்களையில் நஃபீசா பாத்திரம் உருட்டும் சத்தம் வந்தது. குழந்தையின் முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் கீழே நின்ற அவனைப் பார்த்துக் கையாட்டினாள். அவளைப் பிடித்துக்கொண்டு அங்கே யாரும் இல்லை. கால்கள் இரண்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.