தொட்டா சொல்லுங்க, நைனா

அரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டு வைத்தபோதும் நைனா "ரெண்டு" என்றார்.

மோனிஷா டிவைடரை அவர் முன்கையிலிருந்து எடுத்து ஸ்கேலின்மேல் வைத்துப் பார்த்தாள். அரை சென்டிமீட்டர்தான். அவ்வளவு நெருக்கமாக வைத்தால் எந்த மனிதனின் முன்கைக்கும் இரண்டு முனைகள் ஒரே முனையாகத்தான் படும். மூன்று, நான்கு சென்டிமீட்டர் விலகினால்தான் இரண்டென்று தெரியும் என்று பாடப்புத்தகத்தில் இருந்தது. வகுப்புத் தோழி ஷோபனா மோனிஷாவின் கையில் வைத்துப் பார்த்தபோது மூன்று சென்டிமீட்டரிலேயே மோனிஷா ஏமாந்துபோனாள். நைனாவுடையதோ முப்பது வருஷம் வேர்க்கடலைச் செடி பிடுங்கிய கை. வெயிலில் வெந்து, மண்ணில் உராய்ந்து, செருப்புத் தோல்போல ஆகிவிட்ட கை.

ரெக்கார்டு நோட்டில் "2" என்று எழுதிக்கொண்டாள்.

ஆடிக் கிருத்திகை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அது. காவடிகளிலிருந்து உதிர்ந்த சாமந்தி மலையடிவாரத் தெருவின் சாக்கடையோரம் குவிந்து அழுகி, அதன் இனிப்பும் புளிப்புமான வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்து, காலையில் கொளுத்திய ஊதுபத்தியின் மிச்சத்தோடு கலந்து, மின்விசிறி சுற்றச் சுற்றக் கூடத்துக்குள்ளேயே சுழன்றுகொண்டிருந்தது. திருப்பதி பஸ்ஸின் ஹாரன், மொட்டையடித்த குழந்தை ஒன்றின் அழுகை, படியேறுகிறவர்களின் அரோகரா எல்லாம் தூரத்தில் கேட்டன.

அம்மா போய் ஐந்தரை மாதம் ஆகிறது. மாசியில் மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். மோனிஷா அன்றைக்கும் அழவில்லை, காரியத்தன்றும் அழவில்லை. விடியற்காலை மின்சார ரயிலில் சென்னைக்குப் போனாள், இருட்டியபின் வந்தாள். உளவியல் இரண்டாம் வருஷம். துக்கத்தைப் பற்றிய பாடம் நடந்த அன்று வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் தலைப்புக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நைனாவும் அப்படித்தான் இருந்தார். ஆர்.கே.பேட்டை ரோட்டில் இருந்த ஒன்றரை ஏக்கரை விதைக்காமல் போட்டுவிட்டுக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தட்டு வைத்தால் சாப்பிடுவார். டி.வி. போட்டால் பார்ப்பார்.

திங்கட்கிழமை ரெக்கார்டு கொடுக்க வேண்டும், ஒரு ஆள் உட்கார வேண்டும் என்று கேட்டபோதும் "இன்னா பண்ணணும்?" என்று மட்டும்தான் கேட்டார்.

"ஒண்ணும் பண்ண வேணாம் நைனா. கண்ணக் கட்டிடுவேன். கையில இத வெப்பேன். ஒரு முனை பட்டா ஒண்ணுன்னு சொல்லுங்க, ரெண்டு பட்டா ரெண்டுன்னு சொல்லுங்க. அவ்ளோதான்."

"ஆங். சரிம்மா."

கல்லூரிக் கருவியை வீட்டுக்குத் தரமாட்டார்கள். அதனால் பழைய ஜாமெட்ரி பாக்ஸிலிருந்த டிவைடரை எடுத்து, குத்தாமல் இருக்க அதன் முனைகளைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து மழுக்கியிருந்தாள். நைனாவின் துண்டை நான்காக மடித்து அவர் கண்களைக் கட்டியிருந்தாள்.

அடுத்த முறை ஒரு முனையை மட்டும் வைத்தாள்.

"ரெண்டு."

மறுபடி ஒரு முனை.

"ரெண்டு. ஒண்ணு மெல்ல, ஒண்ணு அழுத்தி."

ஊகித்துச் சொல்கிறார் என்று நினைத்தாள். அதற்கு ஸ்ரீதர் சார் ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். நடுநடுவே தொடாமலே தொட்டதுபோலக் கேட்க வேண்டும். ஊகிக்கிறவர் அங்கே அகப்பட்டுக்கொள்வார். மோனிஷா சத்தம் வராமல் டிவைடரை ஸ்டூலின்மேல் வைத்தாள். இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

"இப்ப?"

நைனா தலையைக் கொஞ்சம் சாய்த்தார், பக்கத்து வீட்டுப் பேச்சைக் காதில் வாங்குகிறவரைப் போல.

"மூணு" என்றார்.

"விளையாடாதீங்க நைனா. மார்க் போயிடும்."

"நான் எங்கம்மா வெளாடறேன்? மூணு எடத்துல படுது. நீதானே வெக்கிற?"

அவள் குனிந்து பார்த்தாள். நரைத்த மயிர், புடைத்த நரம்பு, கதிரறுக்கும்போது பட்ட பழைய தழும்பு. வேறெதுவும் அந்தக் கையில் இல்லை.

எழுந்து சமையலறைக்குப் போய் ஷோபனாவுக்குப் போன் செய்தாள். ஷோபனா சிரித்தாள்.

"எதிர்பார்த்துகினே இருந்தா தோலு தானா உணரும்டி. புக்லயே போட்டிருக்கு. நான்லாம் எங்க வீட்ல யாரையும் உக்கார வெக்கல. இருவது நம்பரயும் நானே போட்டுட்டேன். நீயும் போட்டுட்டுப் போய்ப் படு."

போட்டிருக்கலாம். ஆனால் ஐந்தரை மாதத்தில் நைனா ஒரு கேள்விக்கு இவ்வளவு கவனமாகப் பதில் சொல்லி அவள் கேட்டதில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள். இன்னொரு கையையும் பார்த்துவிடலாம் என்று, அவருடைய இடது கையை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டாள். டிவைடரை நான்கு சென்டிமீட்டருக்கு விரித்து வைத்தாள். காத்திருந்தாள். விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருதரம் டக்கென்றது.

"வெச்சிட்டியாம்மா?"

"வெச்சிருக்கேன் நைனா."

"இல்லியே."

அழுத்தினாள். தோல் உள்ளே போய், சுற்றிலும் வெளுத்தது. நைனாவின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இன்னும் அழுத்தினாள். மழுக்கிய முனைதான், ஆனாலும் ஒரு கடுகளவு ரத்தம் வந்து நின்றது. அவள் திடுக்கிட்டுக் கையை எடுத்தாள்.

எடுத்த பிறகுதான் அவர் சிரித்தார். மாசிக்குப் பிறகு முதல் சிரிப்பு.

"ஆங். இப்ப வெச்ச பாரு. அஞ்சு."

அவள் அந்த ரத்தத் துளியை விரலால் துடைத்தாள்.

"உங்கம்மா" என்றார் நைனா, யாரையும் எழுப்பிவிடாதபடி சின்னக் குரலில். "ஆசுபத்திரில ஊசி போட வந்தா இப்டித்தான் என் கையப் புடிச்சிக்குவா. ஜெயம்மாதான். அஞ்சு வெரலும் படுது."

நெஞ்சுக்குள் ஏதாவது நகரும் என்று மோனிஷா எதிர்பார்த்தாள். பயமாவது, ஆசையாவது. ஒன்றும் நகரவில்லை. பூட்டிய வீட்டுக்குள் போன் அடிப்பதுபோல, எங்கேயோ ஒன்று அடித்து ஓய்ந்தது. அவள் தன் கையை நீட்டி, அவர் கைக்குமேலே காற்றில் வைத்துப் பார்த்தாள். சூடும் இல்லை, குளிரும் இல்லை.

"அம்மாவா நைனா? நெசமாவா?"

"நெசமாத்தான்."

கரண்டு போனது. விசிறி நான்கு சுற்றுச் சுற்றி நின்றது. வெளியே சாயங்கால வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. அது ஜன்னல் வழியாகச் சாய்ந்து அவர் கையின்மேல் விழுந்திருந்ததால்தான் அவளுக்குத் தெரிந்தது.

குழிகள்.

அவர் முன்கைத் தோலில், யாரும் தொடாத இடத்தில், சின்னச் சின்னக் குழிகள். மேலிருந்து எதுவோ அழுத்தினால்தான் விழுகிற குழிகள். சுற்றிலும் தோல் வெளுத்திருந்தது.

"ஆறு" என்றார் நைனா.

அவள் எண்ணினாள். ஆறு. கைவிரல் படுகிற மாதிரி வளைவாக இல்லை, கட்டை விரலுக்கென்று தனி இடமும் இல்லை. ஆறும் ஒரே நேர்கோட்டில், ஒரே இடைவெளியில், தையல் மெஷின் போட்ட தையல்போல.

"நைனா, அம்மாக்கு அஞ்சு வெரல்."

"இன்னாம்மா சொல்ற?"

"இது அம்மா இல்ல நைனா. துண்ட அவுத்துடறேன்."

"அவுக்காத!" அவளிடம் அவர் இதுவரை இப்படிக் குரலை உயர்த்தியதே இல்லை. பிறகு கெஞ்சினார். "அவுத்தா போயிடுவாம்மா. கொஞ்ச நேரம். கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போட்டும்."

குழிகள் நகர்ந்தன. முழங்கை மடிப்பைத் தாண்டின. மெதுவாக. கடைசிக் குழி மூடும், முன்னால் புதிதாக ஒன்று விழும். அவை தாண்டிப்போன இடத்தில் அவள் கிள்ளிப் பார்த்தாள். நகம் பதியக் கிள்ளினாள். அவருக்குத் தெரியவில்லை.

"ஏழு. எட்டு."

தோளை எட்டிவிட்டன. பனியனுக்குள் போயின. பனியன் அசையவில்லை.

அவள் எழுந்து ஓடிப்போய்த் தெருக்கதவைத் திறந்தாள். வெளியே எல்லாம் இருந்தபடி இருந்தது. மஞ்சள் வேட்டிக் கூட்டம் ஒன்று மலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. எதிர்வீட்டு வாசலில் மணியம்மை அத்தை கதம்பம் கட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்தாள்.

"இன்னாடி மோனி? ஏன் இப்டி நிக்கிற?"

மோனிஷா வாயைத் திறந்தாள். எதைச் சொல்வது? எங்க நைனா எண்ணிகினு இருக்காரு என்றா?

"பதினொண்ணு" என்றது உள்ளேயிருந்து நைனாவின் குரல். சந்தோஷமாக இருந்தது அந்தக் குரல். "பன்னெண்டு. மோனி, எங்கம்மா போன?"

"ஒண்ணுமில்ல அத்த" என்றாள். கதவை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

அவர் இரண்டு கைகளும் நாற்காலியின் பக்கங்களில் தொங்கின, யாரோ கழற்றிப் போட்டதுபோல. அவள் அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. கால்கள் ஊன்றவில்லை. தரை அவருக்குத் தெரியவில்லை.

"எழுந்திருங்க நைனா. வெளிய போலாம்."

"பதினேழு. பதினெட்டு. இரும்மா."

கழுத்து. தாடைக்குக் கீழே.

"இருவத்திரெண்டு."

"நைனா!"

"ஒருத்தி இல்ல போலக் கீதும்மா." சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "வேற யாரோ. யார் யாரோ வந்துகினே இருக்காங்க."

எண்ணிக்கை வேகமெடுத்தது. எண்களுக்கு நடுவே மூச்சு இல்லை. முப்பது. முப்பத்தாறு. நாற்பது. பிறகு எண்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. பிறகு நின்றன.

"எண்ண முடியலம்மா" என்றார்.

அவள் துண்டை இழுத்து அவிழ்த்தாள்.

குளத்து நீர்மேல் பெருமழை விழுவதுபோல அவர் முகம் முழுவதும் குழிகள் விழுந்துகொண்டிருந்தன. நெற்றியில், கன்னத்தில், மூக்கின்மேல், உதட்டில். விழுந்தன, மூடின, விழுந்தன. சத்தமே இல்லை. மூடியிருந்த இமைகளின்மேலும் விழுந்தன. ஒவ்வொரு முறையும் இமை உள்ளே போய் வெளியே வந்தது.

அவள் துண்டைக் கீழே போட்டாள். இரண்டு உள்ளங்கைகளாலும் அவர் கன்னங்களைப் பொத்தினாள். எதுவும் படாதபடி, முடிந்த இடத்தையெல்லாம் மறைத்து, அழுத்திப் பிடித்தாள்.

"மோனி" என்றார் அவர். உதடுகள் சரியாகச் சேரவில்லை. "நீ தொட்டுகினு இருக்கியாம்மா?"

"ஆங் நைனா. தொட்டுகினுதான் இருக்கேன். ரெண்டு கையாலயும்."

அவர் தலையைச் சாய்த்துக் கவனித்தார்.

"தெரியலியேம்மா" என்றார்.

அவள் விரல்களுக்கு நடுவே இருந்த தோலில் குழிகள் விழுந்துகொண்டேயிருந்தன.