பெரியவன் கொடுத்தது

மூன்று மணிப் பேருந்து என்னைத் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போனபோது வெயில் இன்னும் தணியவில்லை. மரக்கடையில் அறுவை எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தெருவெல்லாம் மரத்தூள் வாசனை. டீக்கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"என்ன தம்பி, இன்னைக்கு அஞ்சாம் தேதி இல்லையே?"

வேறு யாரையோ நினைத்துச் சொல்கிறார் என்று எண்ணிச் சிரித்து வைத்தேன்.

அப்பா இறந்து இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. இறுதிக் காரியத்துக்கு வந்தவன் இரண்டாம் நாளே ஊர் திரும்பிவிட்டேன். இப்போது வந்தது சொத்து விஷயமாக. என் பையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, அப்பாவின் வங்கிக் கணக்கு விவரம். அதில் பதினான்கு இடங்களில் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தேன். மாதம் தவறாமல் ஐந்தாம் தேதி, ஏ.டி.எம். வழியாக எட்டாயிரம். மொத்தம் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். இன்னொன்று வக்கீல் எழுதிக் கொடுத்த சம்மதக் கடிதம். கணக்குச் சொல்ல முடியாத தொகையைத் தன் பங்கில் கழித்துக்கொள்ளலாம் என்று என் தங்கை அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்பா முப்பது வருஷம் எடைமேடையில் லாரிகளை நிறுத்துப் பார்த்தவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பதினேழு மாதம் கட்டிலைவிட்டு இறங்காத மனிதர் பணம் எடுக்க நடந்தா போயிருப்பார்? வீட்டில் அவரோடு இருந்தது தங்கை ஒருத்திதான். நான் காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டு மனுக்களைச் சரிபார்க்கிறவன். பொய்யைப் பிடிப்பதுதான் என் பிழைப்பு. இதில் பிடிப்பதற்கே ஒன்றுமில்லை, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

கதவைத் திறந்தவள் என் பையை வாங்கிக்கொண்டாள்.

"உள்ள வா அண்ணா. முகம் கழுவிக்கோ. களைச்சுப் போயிருக்கே."

அந்தக் கனிவு எனக்குப் புதிது. பத்து வருஷமாக எங்களுக்குள் பேச்சு அளவோடுதான். குற்றமுள்ள நெஞ்சு குழைகிறது என்று கணக்குப் போட்டேன்.

அப்பாவின் அறையில் வாடகைக் கட்டில் இல்லை. அதன் நான்கு கால்கள் அழுந்திய தடம் மட்டும் தரையில் இருந்தது. மருந்து நெடி சுவரில் ஊறிப் போயிருந்தது. பக்கத்தில் ஒரு மர நாற்காலி, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல, கட்டில் இருந்த பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தது.

சமையலறை மேஜையில் கணக்குத் தாளை விரித்தேன்.

"இது என்னன்னு சொல்லு."

அவள் விரலால் ஒவ்வொரு வட்டத்தையும் தொட்டுக்கொண்டே போனாள். மருந்துக் கடையில் பில் போடுகிறவள். எண்கள் அவளுக்குப் பழக்கம்.

"எனக்குத் தெரியாது அண்ணா. கார்டு அப்பா தலகாணிக்கு அடியிலதான் இருக்கும். நான் தொட்டதே இல்ல."

"அப்போ காத்து வந்து எடுத்துட்டுப் போச்சா?"

அவள் எழுந்து போய் ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள். வீட்டுச் செலவு நோட்டு. பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தாள்.

*5ஆம் தேதி. பெரியவன் கொடுத்தது: 8000. நர்சம்மா சம்பளம்: 8000.*

அடுத்த மாதம். அதற்கடுத்த மாதம். பதினான்கு மாதமும் அதே வரி.

அப்பா என்னைக் கூப்பிடுவது பெரியவன் என்றுதான்.

"என்ன எழுதி வச்சிருக்கே?"

"நீ கொடுத்ததைத்தானே எழுதியிருக்கேன்." அவள் கண் கலங்கியிருந்தது. "உன் காசு வரலேன்னா நான் கடையில இருக்கிற நேரம் அப்பாவைப் பார்த்துக்க ஆள் போட்டிருக்க முடியுமா? நான் வேலையை விட்டிருக்கணும்."

நான் கொடுக்கவில்லை. அப்பா விழுந்த வாரமே அவள் போனில் கேட்டது உண்மை. நர்சுக்கு மாதம் எட்டாயிரம் ஆகும், உன்னால் முடியுமா என்று. பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம் என்பதைவிட வசதியான சொல் தமிழில் கிடையாது. அதற்குப் பிறகு அவளும் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை. பதினேழு மாதத்தில் ஒருமுறைகூட நான் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. வராதவனுக்கு ஆயிரம் சாக்கு. என்னிடம் இரண்டாயிரம் இருந்தது.

"நான் எப்போ வந்தேன்?" என்றேன், மெதுவாக.

"என்ன அண்ணா இப்படிக் கேக்கிறே? ஒவ்வொரு அஞ்சாம் தேதியும் மூணு மணி வண்டிக்கு வருவே. அப்பாவுக்குச் சவரம் பண்ணி விடுவே. வெளிய போய் ஒரு சுத்து சுத்திட்டு வந்து கவரை என் கையில கொடுப்பே. தண்ணிகூடக் குடிக்க மாட்டே." கொஞ்சம் தயங்கினாள். "போன்ல இதைப் பத்திப் பேசாதே, அண்ணிக்குத் தெரிய வேணாம்னு நீதானே சொன்னே? அதான் நான் வாயே திறக்கல."

"முதல் மூணு மாசம்?"

"அப்போ நீ வரல. அப்பா வாசலையே பார்த்துக்கிட்டிருந்தாரு. பெரியவன் வந்தானா, பெரியவன் வந்தானான்னு. கேட்டுக் கேட்டு ஒருநாள் பேச்சையே நிறுத்திட்டாரு. அடுத்த நாள்தான் நீ வந்தே."

அபாரமான நடிப்பு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு அவள் கடைக்குக் கிளம்பிப் போனாள். வீட்டில் நான் மட்டும். அப்பாவின் அலமாரியில் பத்திரங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக வெயில் மஞ்சளாகத் தரையில் கிடந்தது. மரக்கடை எந்திரம் ஓய்ந்தது. தெருவே மூச்சை அடக்கிக்கொண்டதுபோல் ஓர் அமைதி.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

சர்ர்... சர்ர்...

எலியாக இருக்கும் என்று நினைத்தேன்.

சர்ர்...

எலி இல்லை. நாலு நாள் தாடியின்மேல் சவரக்கத்தி இறங்கும் சத்தம். சோப்பு வாசனை எழுந்தது. வெந்நீரில் கரைந்த சோப்பு, இளஞ்சூடாக, என் முதுகுக்குப் பின்னால்.

நான் திரும்பவில்லை.

குழறிய குரல் ஒன்று, பாதி வாயால் பேசுகிற குரல், "பெ...யவன்..." என்றது.

அதற்குப் பதில் வந்தது.

"அசையாதீங்கப்பா. கத்தி பட்டுடும்."

அது என் குரல்.

எவ்வளவு நேரம் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேனோ தெரியாது. திரும்பியபோது அறையில் யாரும் இல்லை. ஜன்னல் திட்டில் அப்பாவின் சவரத் தூரிகை இருந்தது. தொட்டுப் பார்த்தேன். ஈரம். இறந்து இருபத்து மூன்று நாளான மனிதரின் தூரிகையில் நுரை வெதுவெதுப்பாக இருந்தது.

அன்று இரவு விடுதியில் அறை எடுத்துத் தங்கினேன். மருந்து நெடியில் தலைவலி என்று தங்கையிடம் சொன்னேன்.

மறுநாள் காலை வங்கி திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றேன். கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டித் தொங்கவிட்டிருந்த அதிகாரி அம்மாள், இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கேமராப் பதிவு தொண்ணூறு நாள்தான் சார் இருக்கும். கடைசி ரெண்டு தடவை எடுத்ததுதான் கிடைக்கும். ஆனா அதை நீங்க எதுக்குப் பார்க்கணும்?"

"யார் எடுத்ததுன்னு தெரியணும்."

அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார்.

மழை நாள். முன்னால் வந்தவர் குடையை மடக்கி நீரை உதறிவிட்டுப் பணம் எடுத்துப் போனார். தரையெல்லாம் சகதித் தடம். பிறகு கதவு திறந்தது. உள்ளே வந்தவனின் உச்சந்தலை வழுக்கை எனக்குத் தெரியும். ஒரு தோள் சற்றே இறங்கிய நடையும் தெரியும். வெளியே அடைமழை. அவன்மேல் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

சாம்பல் நிறத்தில் கோடு போட்ட சட்டை அணிந்திருந்தான். அந்தச் சட்டை இப்போது என் உடம்பில் இருந்தது. அதை நான் வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. பதிவு இரண்டு மாதத்துக்கு முந்தையது.

பணத்தை எடுத்து உறையில் போட்டவன், போகவில்லை. மெதுவாக நிமிர்ந்து கேமராவைப் பார்த்தான்.

என்னைப் பார்த்தான்.

அதில் கோபம் இல்லை. வன்மம் இல்லை. வீட்டுக்கு வந்த கடன்காரனிடம்கூடப் பணிவாகப் பேசும் மனிதரின் முகம். என் முகம்தான். ஆனால் அதில் இருந்த அன்பு என்னுடையதல்ல.

"நீங்கதானே சார் இது?" என்றார் அதிகாரி. "அப்பா சம்மதத்தோட அவர் செலவுக்கு எடுத்தேன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. கோப்பை முடிச்சு மீதியை விடுவிச்சுடலாம். இல்லேன்னா புகார், விசாரணைன்னு இழுத்துக்கிட்டே போகும்."

அன்றைக்கு நான் இருநூறு மைலுக்கு அப்பால் அலுவலகத்தில் இருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். வருகைப் பதிவேடு சாட்சி சொல்லும். ஆனால் யாரிடம் சொல்வது? என் மேஜைக்கு இப்படி ஒரு மனு வந்திருந்தால் நானே மோசடி என்று முத்திரை குத்தியிருப்பேன்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்பா தன் பணத்தையே எடுக்க வைத்து, மகன் கொடுத்ததாகத் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டிருக்கிறார். மகளின் முன்னால் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார். அதைக் கொண்டுவந்து கொடுத்தது எது என்பதுதான் விளங்கவில்லை.

கையெழுத்துப் போட்டேன்.

இதோடு நிறுத்தியிருந்தால் நானும் மனிதன்தான்.

வீட்டுக்கு வந்ததும் தங்கை கேட்டாள்.

"யாரு அண்ணா எடுத்தது?"

வழி நெடுக யோசித்து வைத்திருந்தேன். "நான்தான். அப்பாவுக்கு ஒரு பழைய கடன் இருந்துச்சு. உனக்குத் தெரிய வேணாம்னாரு. அதைக் கட்டத்தான் எடுத்தேன். நேத்து உன் வாயால என்ன வருதுன்னு பார்த்தேன்."

"அப்போ நீ என் கையில கொடுத்தது?"

"அது என் காசு."

சொல்லும்போது நாக்குக் கூசவில்லை. அதுதான் இன்றுவரை எனக்குப் பயமாக இருக்கிறது.

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். "உன்னைப் போய் எத்தனை நாள் கல்நெஞ்சுக்காரன்னு நினைச்சிருக்கேன். அப்பாவைப் பார்த்தது உன் காசுதான். எனக்கு இந்த வீட்டுல என்ன உரிமை இருக்கு? என் பங்கையும் நீயே எடுத்துக்கோ அண்ணா. திருப்பித் தர என்கிட்ட வேற ஒண்ணும் இல்ல."

வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன். ஒரே தடவை.

அந்த வாரமே பதிவு அலுவலகத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாள். அவள் கழுத்தில் எதுவும் இல்லை என்பதை அங்கேதான் கவனித்தேன். சங்கிலியை விற்று மருந்து வாங்கியிருக்கிறாள். வாடகைக்கு இடம் பார்க்க மூன்று மாதம் தவணை கேட்டாள். சரி என்று பெருந்தன்மையாகத் தலையசைத்தேன். ஊருக்குத் திரும்பியதும் தரகரிடம் வீட்டை விலைக்குச் சொல்லிவிட்டேன்.

ஆறு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு வேளையில், தரகர் அலுவலகத்துக்கே போன் செய்தார்.

"என்ன சார் விளையாடுறீங்களா? வீடு உங்க பேர்லயே இல்லையே. வெள்ளிக்கிழமைதான் மொத்தத்தையும் தங்கச்சிக்குத் தானமா எழுதிக் கொடுத்திருக்கீங்க. இங்க பதிவுல உங்க போட்டோ இருக்கு, கையெழுத்து இருக்கு, கைரேகையும் ஒத்துப்போகுது."

வெள்ளிக்கிழமை முழுக்க நான் இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். கைரேகையைப் போலியாகச் செய்ய முடியாது என்று எத்தனை பேருடைய மனுவில் எழுதியிருக்கிறேன்.

அதே அலுவலகப் போனிலிருந்து தங்கையைக் கூப்பிட்டேன். நாலாவது மணியில் எடுத்தாள்.

"யாருங்க?"

"நான்தான். அண்ணன்."

பின்னால் தட்டும் கரண்டியும் படும் ஓசை கேட்டது. யாருக்கோ சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"எந்த அண்ணன்?"

"என்ன கேள்வி இது? பெரியவன்டி! அந்த வீட்டை நான் எழுதிக் கொடுக்கல. கேக்குதா? அது நான் இல்ல!"

அவள் குரல் கிசுகிசுப்பாகத் தணிந்தது. பயந்துபோயிருந்தாள். என்னைப் பார்த்து.

"எங்க அண்ணன் இங்க என் பக்கத்துல உட்கார்ந்திருக்காருங்க. நீங்க யாரு?"

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். நிதானமான, கனிந்த குரல் ஒன்று, என் குரல், "யாரும்மா போன்ல?" என்று கேட்டது.

"தெரியல அண்ணா. உன்னை மாதிரியே பேசுறான்."

"இங்க கொடு."

போன் கைமாறியது. கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. எனக்கு இரைப்பு உண்டு. அதே இரைப்பு.

"நீ அலைய வேண்டாம்," என்றது அது, யாரையோ தூங்க வைப்பதுபோல. "இனிமே எல்லாத்தையும் நானே பார்த்துக்கிறேன்."