அசையாத அம்புக்குறி

சிட்டுவின் அத்தை வைத்திருக்கும் எம்ப்ராய்டரி மெஷின் பெரிய பிடிவாதக்காரி. பழைய ஆபரேட்டிங் சிஸ்டம் போட்ட கம்ப்யூட்டர் சொன்னால்தான் அதன் ஊசி நகரும். அந்தக் கம்ப்யூட்டரோ புகை விட்டுப் படுத்துவிட்டது. நாளை விளையாடப்போகும் பந்தாட்டக் குழுவின் சட்டைகள், மார்பில் சின்னம் இல்லாமல் மேசையில் குவிந்து கிடந்தன.

அத்தை புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி வந்தார்.

"இதுல பழைய சிஸ்டத்தை ஏத்தணும். கடைக்காரப் பொண்ணே வந்து ஏத்தித் தரேன்னு சொல்லியிருக்கு. அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது. சிட்டு, உனக்குத்தான் சொல்றேன்!" என்றவர், நூல் வாங்கக் கிளம்பினார்.

சிட்டுவின் கை சும்மா இருக்குமா? அத்தை வருவதற்குள் முடித்து அசத்திவிடலாம் என்று பழைய சிஸ்டத்தின் சிடியைப் போட்டாள். திரையில் வந்த கேள்வி எதையும் படிக்காமலே 'சரி', 'சரி' என்று அழுத்தினாள். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. வெகுநேரம் முனகியது. பிறகு, 'உங்கள் பெயர்?' என்று கேட்டது.

சிட்டு தட்டினாள். ஓர் எழுத்துகூட விழவில்லை. மவுஸை இழுத்தாள். திரையில் அம்புக்குறி ஆணி அடித்தாற்போல் நின்றது. மவுஸின் அடியில் எரியும் விளக்கும் அணைந்திருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்னடி ஆச்சு?"

"நான் ஒண்ணுமே பண்ணல அத்தை. ஆன் பண்ணேன், நின்னுடுச்சு."

அவ்வளவுதான். அத்தை கம்ப்யூட்டர் பெட்டியோடும் சிட்டுவோடும் கடைக்குப் போய் இறங்கினார்.

"புதுசுன்னு சொல்லி ஓட்டையை என் தலையில கட்டிட்டியேம்மா! இதான் நீ கடை நடத்துற லட்சணமா?"

கடைக்கார அக்காவின் முகம் சுருங்கியது. "மன்னிச்சிடுங்கம்மா. என்னன்னு பார்த்து, வேணும்னா மாத்தியே தந்துடறேன்."

அங்கே கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "அப்புறமா வரேன்" என்று நழுவினார்.

சிட்டுவின் காது மடல்கள் சுட்டன. செய்யாத தப்புக்கு அந்த அக்கா மன்னிப்புக் கேட்கிறாரே! பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பிளக்கவில்லை. சிட்டு தெருவுக்கு ஓடினாள்.

"தாத்தா, நில்லுங்க! கடை மேல தப்பே இல்ல. நான்தான் கெடுத்தேன். கெடுத்துட்டுப் பொய்யும் சொன்னேன்."

தெருவே திரும்பிப் பார்த்தது. பெரியவரும் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கடைக்குத் திரும்பினார்.

கடை வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. சிட்டுவைத் திட்டவில்லை. கடைக்கார அக்காவிடம் திரும்பி, "வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்மா. மனசுல வச்சுக்காதே" என்றார், தலை நிமிராமல்.

சிட்டுவுக்கு அதுதான் தாங்கவில்லை. திட்டியிருக்கலாம், நாலு அடிகூட வைத்திருக்கலாம்.

அக்கா கம்ப்யூட்டரைப் போட்டார். மவுஸில் விளக்கு எரிந்தது. பழைய சிஸ்டம் எழுந்ததும் அணைந்தது.

"அக்கா..." சிட்டு மெல்ல வாயைத் திறந்தாள். "முதல்ல எரியுது. அப்புறம்தான் அணையுது. அப்போ மவுஸ் கெட்டுப்போகல. பழைய சிஸ்டத்துக்கு, மவுஸைச் செருகியிருக்கிற இந்தப் புது யு.எஸ்.பி. சாக்கெட்டைத் தெரியலையா?"

"அதேதான். இந்த சாக்கெட் வர்றதுக்கு முன்னாடியே வந்த சிஸ்டம் இது. சாக்கெட்டை அதுக்கு அறிமுகப்படுத்துற டிரைவர்ங்கிற புரோகிராம், கம்ப்யூட்டரோட வந்த சிடியில இருக்கு. ஆனா அதை உள்ளே போடவும் கீபோர்டு வேணுமே, அதுவும் இதே மாதிரி சாக்கெட்லதானே இருக்கு."

சிட்டு பெட்டியின் பின்பக்கம் குனிந்தாள். "இங்க ஒரு ரவுண்டு ஓட்டை இருக்கே, இது எதுக்கு?"

"அது பழைய காலத்துக் கீபோர்டுக்கு..." அக்கா பாதியில் நிறுத்தினார். "அட, ஆமா! அதை இதுக்குத் தெரியுமே!"

உடைசல் பெட்டியைக் கவிழ்த்து, வட்ட முனை வைத்த அழுக்குக் கீபோர்டு ஒன்றைத் தேடி எடுத்தார்கள். பாதி எழுத்துகள் தேய்ந்திருந்தன. செருகி, மறுபடி போட்டுத் தட்டினார்கள். எழுத்து விழுந்தது! டிரைவர் ஏறியதும் மவுஸில் விளக்கு பளிச்சென்று எரிய, அம்புக்குறி ஓடியது.

"நான் வாங்கப்போற பெட்டியிலயும் அந்த ஓட்டை இருக்குமாம்மா?" என்று கேட்டார் பெரியவர். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிட்டு மட்டும் சிரிக்காமல் ஓரமாக நின்றாள். அத்தை இன்னும் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டியைத் தூக்கப் போனவர் நின்றார்.

"என்ன பார்த்துக்கிட்டு நிக்கிற? அந்தப் பக்கம் பிடி. சட்டையெல்லாம் காத்துக்கிட்டு இருக்கு."

சிட்டு ஓடிப்போய் அந்தப் பக்கத்தை இறுகப் பிடித்தாள்.